தொட்டி நிறைந்தால் கிளம்ப வேண்டியதுதான்: குவார்ட்ஸைட் பற்றி வாசகர் கேள்விகள்

கேள்வி: நானும் கணவரும் ஓய்வு பெற்றுவிட்டோம். ஜனவரியில் வாடகைக்கு ஓர் ஆர்.வி. (படுக்கை, சமையல் வசதியோடு வரும் வீட்டு வண்டி) எடுத்துக்கொண்டு அரிசோனாவின் குவார்ட்ஸைட் போக ஆசை. பாலைவனத்தில் காசில்லாமல் தங்கலாம் என்கிறார்களே, உண்மையா? இரண்டு வாரம் தாக்குப்பிடிக்க முடியுமா?
- வாசகி, சான் ஹோசே

பதில்: உண்மைதான் அம்மா. ஊரைச் சுற்றியுள்ள நிலத்தில் பெரும்பகுதி மத்திய அரசின் நில மேலாண்மைத் துறையுடையது. அங்கே பி.எல்.எம். என்றால்தான் தெரியும். பிளமோசா சாலை, டோம் ராக் சாலைப் பக்கம் 14 நாள் வரை கட்டணமில்லாமல் தங்கலாம். ஆனால் தண்ணீர்க் குழாய் கிடையாது, குப்பைத்தொட்டி கிடையாது.

முதல்முறை போகிற உங்களுக்கு நான் சொல்வது லா போசா என்ற பி.எல்.எம். கட்டண முகாம். ஊருக்குத் தெற்கே, நெடுஞ்சாலை 95-ஐ ஒட்டி 11,000 ஏக்கருக்கு மேல் விரிந்த நிலம். செப்டம்பர் 15 முதல் ஏப்ரல் 15 வரை சீசன். முழு சீசனுக்கு 180 டாலர், 14 நாளுக்கு 40 டாலர் என்பதே பல ஆண்டுகளாக இருந்த கட்டணம். கிளம்புமுன் பி.எல்.எம்.மின் யூமா அலுவலகத்தில் ஒருமுறை கேட்டுக்கொள்ளுங்கள். குடிநீர் பிடிக்கவும், கழிவுத் தொட்டியைக் காலி செய்யவும், குப்பை போடவும் அங்கே வசதி உண்டு. அந்தக் கட்டணத்துக்கு யோசிக்காதீர்கள்.

இரண்டு வாரம் தாங்குமா என்பதைத் தீர்மானிப்பது பணமல்ல, தொட்டிதான். நல்ல தண்ணீர் தீருமுன் பாத்திரம் கழுவிய, குளித்த தண்ணீர்த் தொட்டி நிறைந்துவிடும். "வெறும் சோப்புத் தண்ணிதானே" என்று அதைத் தரையில் திறந்துவிடக் கூடாது, சட்டப்படி குற்றம். நம் சமையலுக்கு எண்ணெய்ப் பிசுக்கு அதிகம். என் மனைவி சாம்பார்ப் பாத்திரத்தை முதலில் காகிதத்தால் வழித்துத் துடைத்துக் குப்பையில் போட்டுவிடுவார். பிறகு தெளிப்பான் பாட்டிலில் சோப்புத் தண்ணீர் அடித்துத் தேய்த்து, ஒரு டம்ளர் தண்ணீரில் அலசி முடித்துவிடுவார். அரிசி களைந்த தண்ணீரில்தான் காய் கழுவுவோம். இப்படிச் செய்தால் தொட்டி பாதி வேகத்தில்தான் நிறையும்.

பகலில் 20 டிகிரி செல்சியஸ் சுகமாக இருக்கும். இரவில் 5 டிகிரிக்கு இறங்கும், சில நாள் உறைநிலையைத் தொடும். ஆர்.வி. ஹீட்டரின் விசிறி பேட்டரியை வேகமாகக் குடிக்கும். ஜெனரேட்டரை இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை ஓட்டக் கூடாது. தனியாக கேஸ் ஹீட்டர் வைத்தால் ஜன்னலைக் கொஞ்சம் திறந்தே வையுங்கள். கார்பன் மோனாக்சைடு அலாரம் வேலை செய்கிறதா என்று வண்டியை வாங்கும்போதே அழுத்திப் பாருங்கள். இட்லி மாவு இந்தக் குளிரில் பொங்காது. பகல் வெயிலில் முன்கண்ணாடி ஓரம் வைத்துவிடுங்கள், சாயங்காலத்துக்குள் எழும்பிவிடும்.

வண்டியை எங்கே நிறுத்துவது? மணல் சமமாக, நிழலோடு இருக்கிறதே என்று காய்ந்த ஓடைக்குள் இறங்காதீர்கள். மலையில் பெய்த மழை அங்கேதான் வரும். ஏற்கெனவே வண்டி போன தடத்திலேயே போய், முன்பு யாரோ நிறுத்திய இடத்திலேயே நிறுத்துங்கள். 1942-ல் ஜெனரல் பேட்டன் தொடங்கிய ராணுவப் பயிற்சிக் களம் இந்தப் பாலைவனம். அன்றைய டாங்கிகளின் தடம் சில இடங்களில் இன்னும் அழியவில்லை. நம் டயர்த் தடமும் அப்படித்தான் கிடக்கும். இவ்வளவு பெரிய நிலத்தை நம்மை நம்பித் திறந்து வைத்திருக்கிறார்கள், பார்த்து நடந்துகொள்ளுங்கள் அம்மா.

கேள்வி: மகள் வீட்டுக்கு பீனிக்ஸ் வந்திருக்கிறேன். முகாம் போட உடம்பு இடம் தராது. குவார்ட்ஸைட்டில் ஜனவரியில் நடக்கும் சந்தையை மட்டும் ஒருநாளில் பார்த்துவிட முடியுமா?
- வாசகர், மதுரை

பதில்: தாராளமாக, ஐயா. ஐ-10 நெடுஞ்சாலையில் மேற்கே சுமார் 200 கிலோமீட்டர், இரண்டு மணி நேரம். 2020 கணக்கெடுப்பில் இரண்டாயிரத்துச் சொச்சம் பேர் இருந்த ஊர், ஜனவரியில் ஜனசமுத்திரம். பெரிய கூடாரத்தில் ஆர்.வி. கண்காட்சி நடக்கும், கூட்டம் அங்கேதான். நீங்கள் கல் கடைகளுக்குப் போங்கள். 1967 முதல் நடக்கும் 'பவ்வவ்' கற்கண்காட்சியும், டைசன் வெல்ஸ் சந்தையும் எனக்குப் பிடித்தவை. அகேட், ஜாஸ்பர் எல்லாம் தட்டுத் தட்டாக, எடைக்கு விற்பார்கள். வெளியே மங்கலாகத் தெரியும் கல்லை வாளித் தண்ணீரில் முக்கி எடுத்துக் காட்டுவார்கள், சிவப்பும் மஞ்சளும் கோடு கோடாகத் தெரியும். நீங்களும் முக்கிப் பார்த்தே வாங்குங்கள். சில்லறையாகப் பணம் கையில் இருக்கட்டும், தொப்பி கட்டாயம்.

ஊர்க் கல்லறையில் ஒரு சின்ன பிரமிடு, உச்சியில் உலோக ஒட்டகம். அமெரிக்க ராணுவம் ஒட்டகங்களை இறக்குமதி செய்தபோது அவற்றை ஓட்ட வந்த ஹாஜி அலியின் சமாதி. ஊரார் 'ஹை ஜாலி' என்பார்கள். 1902-ல் இறந்தார். கால் வலித்தாலும் பார்த்துவிட்டு வாருங்கள்.

கேள்வி: பாம்பு, தேள் பயம் உண்டா? நாயைக் கூட்டிப் போகலாமா?
- வாசகி, டாலஸ்

பதில்: குளிர்காலத்தில் பாம்பு நடமாட்டம் குறைவு. வெளியே விட்ட செருப்பை உதறிப் போடுங்கள், இருட்டில் டார்ச் இல்லாமல் இறங்க வேண்டாம். நாயைக் கூட்டிப் போகலாம். ஆனால் சின்ன நாயாக இருந்தால் இரவில் வெளியே கட்டிப்போடாதீர்கள், கொயோட்டி என்ற ஓநாய் போன்ற விலங்கு வரும். 'சோயா' (cholla) என்ற பாலைவனக் கள்ளியின் முள் பாதத்தில் ஏறினால் விரலால் இழுக்காமல் சீப்பால் நெம்பி எடுங்கள்.