முதல் பிஸ்டல்: பிராண்டை விடுங்கள், கிரிப்பைப் பாருங்கள்

கேள்வி: எனக்கு வயது 29. ஈரோட்டில் வேலை பார்க்கிறேன். சில மாதங்களாக வார இறுதியில் கோவைக்குப் போய், ரைஃபிள் கிளப்பில் கிளப் துப்பாக்கியை வைத்து 10 மீட்டர் ஏர் பிஸ்டல் பழகுகிறேன். போட்டிகளில் கலந்துகொள்ள ஆசை. சொந்தமாக ஒன்று வாங்கலாம் என்றால் ஆளுக்கொரு யோசனை சொல்கிறார்கள். “எடுத்தால் .22 எடுங்கள், அதுதான் நிஜத் துப்பாக்கி” என்கிறார் ஒருவர். இன்னொரு சீனியர் தம்முடைய பழைய ஸ்டெயர் பிஸ்டலைத் தருவதாகச் சொல்கிறார். என் கை சிறியது. வலது கையால்தான் சுடுகிறேன், ஆனால் என் இடது கண்தான் ஆதிக்கக் கண், அதாவது குறிபார்க்கும்போது முந்திக்கொள்ளும் கண் என்று கோச் சொல்கிறார். நான் எதை வாங்குவது?

பதில்: முதலில் .22, அதாவது 0.22 அங்குலத் தோட்டாவைச் சுடும் பிஸ்டல், அந்த விஷயத்தை முடித்துவிடுவோம். இப்போதைக்கு வேண்டாம். அதற்கு ஆயுத உரிமம் வேண்டும், தோட்டா வேண்டும், 25 மீட்டர் ரேஞ்ச் வேண்டும். மூன்றும் கைகூடினாலும் உங்களால் தினமும் சுட முடியாது. ஏர் பிஸ்டல் அப்படியில்லை. 4.5 மி.மீ. விட்டத்துக்கும் 20 ஜூல் ஆற்றலுக்கும் மேற்படாத ஏர் துப்பாக்கிக்கு இந்தியாவில் ஆயுத உரிமம் தேவையில்லை. போட்டி ஏர் பிஸ்டல்களின் ஆற்றல் அந்த வரம்பில் மூன்றில் ஒரு பங்குகூட வராது. வாங்கும்போது கடையில் அடையாளச் சான்று கேட்பார்கள், கொடுத்துவிடுங்கள். ‘நிஜத் துப்பாக்கி’ என்ற பேச்சையும் காதில் போட்டுக்கொள்ளாதீர்கள். 10 மீட்டர் ஏர் பிஸ்டல் ஒலிம்பிக் போட்டி. 2024-இல் பாரிஸில் மனு பாக்கர் வாங்கிய இரண்டு வெண்கலங்களும், தனிநபர் பிரிவிலும் சரி, சரப்ஜோத் சிங்குடன் சேர்ந்த கலப்பு அணியிலும் சரி, இதில் வந்தவைதான். 25 மீட்டர் பிஸ்டலிலும் அவர் பதக்கத்தை மயிரிழையில் தவறவிட்டு நான்காவதாக வந்தார். இரண்டுக்கும் அடிப்படை ஒன்றே. இங்கே பழகிய கை அங்கே வீணாகாது.

சரி, எந்த ஏர் பிஸ்டல்? கடைகளில் ஸ்பிரிங் வைத்த மலிவான பிஸ்டல்கள் கிடைக்கின்றன. அந்தப் பக்கமே போகாதீர்கள். உள்ளே ஸ்பிரிங்கும் பிஸ்டனும் பாய்ந்து ஓடி, பெல்லட் (சிறு ஈயக் குண்டு) குழலை விட்டு வெளியேறும் முன்பே துப்பாக்கியைக் குலுக்கிவிடும். நீங்கள் சரியாகச் சுட்டீர்களா, தப்பாகச் சுட்டீர்களா என்றே தெரியாது. கற்றுக்கொள்கிறவருக்கு அதைவிடக் கெடுதல் வேறில்லை. நெம்புகோலை ஒரு முறை இழுத்துக் காற்றை அழுத்தும் வகை ஒன்று உண்டு. ரஷ்யாவின் பைக்கால் ஐஇசட்எச்-46எம் அதில் பேர்போனது. துல்லியமானது, சிலிண்டர் தொல்லை இல்லை. ஆனால் போட்டியில் 60 குண்டு, அதற்கு முன்னால் ஒத்திகைக் குண்டுகள். ஒவ்வொன்றுக்கும் அந்த நெம்புகோலை இழுக்க வேண்டும், சுடும் கையும் சேர்ந்து களைத்துப்போகும். போட்டிதான் குறி என்றால் சிலிண்டரில் 200 பார் அழுத்தம் வரை காற்று நிரப்பும் வகையே சரி. அதை வாங்குவதற்கு முன், உங்கள் கிளப்பில் ஸ்கூபா டேங்க் (நீரில் மூழ்குபவர்கள் முதுகில் மாட்டும் காற்று டேங்க்) இருக்கிறதா, யார் நிரப்பித் தருவார்கள் என்று கேட்டுவிடுங்கள். ஈரோட்டில் உட்கார்ந்துகொண்டு காலி சிலிண்டரை வெறித்துப் பார்ப்பதில் பயனில்லை.

அந்த வகையில் ஸ்டெயர், மோரினி, பார்டினி, வால்தர், ஃபைன்வெர்க்பாவ் எல்லாமே தேறிய பெயர்கள். இலக்கின் நடுவில் பத்துப் புள்ளி தரும் வளையத்தின் விட்டம் 11.5 மி.மீ. இவற்றில் எதை ஸ்டாண்டில் இறுக்கி வைத்துச் சுட்டாலும் பெல்லட் ஒரே ஓட்டையில் போய் விழும். அதனால் இவற்றில் எது துல்லியமானது என்று மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டியதில்லை. உங்கள் புள்ளியைத் தீர்மானிப்பவை இரண்டுதான்: கிரிப் (கைப்பிடி), ட்ரிக்கர் (விசை).

கிரிப்பை இப்படிச் சோதியுங்கள். துப்பாக்கி காலி என்பதை உறுதிசெய்துகொண்டு, இலக்கைப் பார்த்து வழக்கம்போல் நில்லுங்கள். கண்ணை மூடி, கையை உயர்த்தி, தோள் தானாக எங்கே நிற்கிறதோ அங்கே நிறுத்திவிட்டுக் கண்ணைத் திறங்கள். ரியர் சைட்டின் (பின்புறக் குறிகாட்டி) வெட்டுக்கு நடுவில் ஃப்ரண்ட் சைட் (குழல் முனையிலுள்ள முன்புறக் குறிகாட்டி) நிற்கிறதா? இரு பக்கமும் வெளிச்சக் கீற்று சமமாகத் தெரிகிறதா? துப்பாக்கியைக் கீழே வைத்து, மறுபடி எடுத்து, இன்னும் பல முறை செய்யுங்கள். ஒவ்வொரு முறையும் ஃப்ரண்ட் சைட் ஒரே பக்கம் ஒதுங்கினால் கிரிப்பின் கோணம் உங்கள் மணிக்கட்டுக்கு ஒத்துவரவில்லை. ஒருமுறை இடம், ஒருமுறை வலம் என்று அலைந்தால் கிரிப் உங்களுக்குப் பெரிது, கை ஒவ்வொரு தடவையும் வேறு இடத்தில் உட்காருகிறது. கோணத்தைப் பல மாடல்களில் திருகாணியால் திருத்திக்கொள்ளலாம். பெரிய கிரிப்பை ஒன்றும் செய்ய முடியாது. உங்கள் கைக்கு ஸ்மால் அல்லது அதற்கும் சிறிய அளவு கேட்டு வாங்குங்கள். சின்ன கிரிப்பில் மரப்புட்டி வைத்து மேடாக்கலாம், உறுத்துகிற இடத்தை உப்புத்தாளால் தேய்க்கலாம். கோச்சைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, கொஞ்சம் தேய்த்து, ஒரு வாரம் சுட்டுப் பார்த்து, பிறகு மீண்டும் தேய்ப்பதுதான் முறை. உள்ளங்கையைத் தாங்கும் கீழ்ப்பலகை, கிரிப்புக்கு 90 டிகிரியைவிடக் குறுகலாக வளைந்து கையைக் கவ்வக் கூடாது, மணிக்கட்டும் தாங்கலின்றி இருக்க வேண்டும் என்பது விதி. இஷ்டத்துக்குச் செதுக்கினால் ஆயுதச் சோதனையில் திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

அடுத்தது ட்ரிக்கர். ஏர் பிஸ்டலில் குறைந்தது 500 கிராம் எடையைத் தாங்க வேண்டும். குழலை மேல்நோக்கி நிறுத்தி, ட்ரிக்கரில் எடைக்கட்டியை மாட்டித் தூக்கிப் பார்ப்பார்கள், விடுபடக் கூடாது. சரியாக 500-இல் வைக்காமல் பத்து இருபது கிராம் கூட்டியே வையுங்கள். நீங்கள் கவனிக்க வேண்டியது ட்ரிக்கருக்கும் விரலுக்கும் உள்ள தூரம். சுட்டுவிரலின் முதல் கணு ட்ரிக்கரில் படும்போது, விரலின் மற்ற பகுதி கிரிப்பை உரசாமல் காற்றில் நிற்க வேண்டும். உரசினால் ஒவ்வொரு இழுப்பும் குழலைப் பக்கவாட்டில் தள்ளும். சிறிய கைக்காரர்களுக்கு இது அடிக்கடி நேரும். ட்ரிக்கரை முன்னும் பின்னும் நகர்த்த முடியாத பிஸ்டல் எவ்வளவு சகாயமாகக் கிடைத்தாலும் வேண்டாம்.

எலக்ட்ரானிக் ட்ரிக்கரா, மெக்கானிக்கலா? எலக்ட்ரானிக்கின் இழுப்பு மிகச் சுத்தம், ஒத்துக்கொள்கிறேன். ஆனாலும் முதல் பிஸ்டலுக்கு மெக்கானிக்கல் என்றே சொல்வேன். அதைத் திறந்து பார்த்துச் சரிசெய்யத் தெரிந்தவர் கிளப்பில் யாராவது இருப்பார். டோக்கியோ ஒலிம்பிக்கில் 10 மீட்டர் ஏர் பிஸ்டல் தகுதிச் சுற்றின் நடுவில் மனு பாக்கரின் பிஸ்டல் பழுதாகி, அதைச் சரிசெய்துகொண்டு வருவதற்குள் பொன்னான நிமிடங்கள் போயின. 575 புள்ளியோடு 12-ஆவது இடம், முதல் எட்டுப் பேருக்குத்தான் இறுதிச் சுற்று. அத்தனை பேர் பக்கத்தில் இருந்தும் அந்த நிலை. உங்கள் ஊரிலிருந்து உதிரி பாகத்துக்கு எங்கே ஓடுவீர்கள் என்பதை வாங்கும் முன்பே விசாரித்து வையுங்கள். இன்னொன்று, குண்டில்லாமல் ட்ரிக்கரை மட்டும் இழுத்துப் பழகும் டிரை ஃபயர் வசதி கட்டாயம் இருக்க வேண்டும். வாரத்துக்கு ஒருமுறை ரேஞ்சுக்குப் போகிற உங்களுக்கு, வீட்டில் வெள்ளைச் சுவரைப் பார்த்து நின்று தினமும் செய்யும் அந்தப் பயிற்சிதான் சோறு போடும்.

எடையில் குழம்ப வேண்டாம். விதி 1,500 கிராம் வரை அனுமதிக்கிறது, ஆனால் பெரும்பாலான போட்டி பிஸ்டல்கள் ஒரு கிலோவை ஒட்டியே இருக்கும். எடைக்கட்டி சேர்ப்பதெல்லாம் தோள் பலப்பட்ட பிறகு.

இப்போது அந்தப் பழைய ஸ்டெயர். நல்ல பிஸ்டல்தான், விலையும் பாதியாகக் கிடைக்கலாம். முதலில் சிலிண்டரைக் கழற்றி அதில் பொறித்திருக்கும் தேதியைப் பாருங்கள். சிலிண்டரின் ஆயுள் பொதுவாகத் தயாரித்த நாளிலிருந்து பத்து ஆண்டு. அதற்குப் பிறகு போட்டியில் அனுமதி கிடைப்பது சிரமம், அழுத்தக் காற்று என்பதால் ஆபத்தும்கூட. காலாவதியாகியிருந்தால் புது சிலிண்டரின் விலையைக் கழித்துப் பேரம் பேசுங்கள். முழுதாக நிரப்பி ஒரு நாள் வைத்துவிட்டு அழுத்தமானியைப் பாருங்கள். முள் இறங்கியிருந்தால் ஓ-ரிங் (காற்று கசியாமல் அடைக்கும் ரப்பர் வளையம்) மாற்ற வேண்டும், அது சின்னச் செலவு. ட்ரிக்கர் திருகாணிகளின் தலை சிதைந்திருந்தால் யாரோ தெரியாமல் கை வைத்திருக்கிறார்கள், அது கவலைப்பட வேண்டிய விஷயம். கடைசியாக கிரிப். பல ஆண்டு சுட்டவர் தம் கைக்கேற்பச் செதுக்கியிருப்பார். அடுத்தவர் செருப்பைப் போட்டுக்கொண்டு ஓட்டப்பந்தயம் ஓட முடியாது. அந்த மாடலுக்குச் சிறிய அளவு கிரிப் தனியாகக் கிடைக்குமா என்று விசாரித்து, அதன் விலையையும் சேர்த்துக் கணக்குப் பாருங்கள். வாங்குவதானால் பழைய ரசீதையும், விற்றதற்கு அவர் கையெழுத்திட்ட ஒரு கடிதத்தையும் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

கையில் உள்ள பணம் முழுவதையும் பிஸ்டலில் போட்டுவிடாதீர்கள். ரைஃபிள்காரர்களுக்குப் போலக் கனத்த ஜாக்கெட்டும் கால்சட்டையும் பிஸ்டலுக்குத் தேவையில்லை, அந்தச் செலவு மிச்சம். கணுக்காலை மூடாத, தட்டையான அடி கொண்ட காலணி போதும். மிச்சத்தைப் பெல்லட்டில் போடுங்கள். தட்டைத் தலை கொண்ட மேட்ச் பெல்லட்டில் இரண்டு மூன்று வகை வாங்கி, எது உங்கள் குழலுக்கு ஒத்துப்போகிறது என்று பாருங்கள். அது ஈயம், சுட்டு முடித்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவாமல் சாப்பிட உட்காராதீர்கள். உரிமம் வேண்டாம் என்பதால் விளையாட்டுச் சாமான் ஆகிவிடாது, கண்ணில் பட்டால் கண் போய்விடும். வீட்டில் பூட்டி வையுங்கள், பெல்லட்டை வேறிடத்தில் வையுங்கள்.

உங்கள் கண்ணைப் பற்றி: ரைஃபிளில் இது பெரிய தலைவலி, பிஸ்டலில் அவ்வளவு இல்லை. துப்பாக்கி கை நீளத்துக்கு அப்பால் நிற்பதால் இரண்டு வழி உண்டு. ஒன்று, தலையை லேசாகத் திருப்பி இடது கண்ணாலேயே பார்ப்பது. மற்றது, 30 மி.மீ. அகலத்துக்கு மேற்படாத மறைப்பை இடது கண்ணுக்கு முன் வைத்து, வலது கண்ணால் பார்க்கப் பழகுவது. இடது கண்ணை இடுக்கி மூடாதீர்கள், முகத் தசை இழுபட்டு வலது கண்ணும் களைத்துவிடும். இரண்டு வழியையும் கிளப் துப்பாக்கியிலேயே சில வாரம் மாற்றி மாற்றிச் சுட்டு, புள்ளிகளைக் குறித்து வாருங்கள். தலையைத் திருப்பும் வழி உங்களுக்கு ஒத்துவந்தால் நிற்கும் நிலை மாறும், மணிக்கட்டின் கோணமும் மாறும். ஆகவே அது முடிவான பிறகே கிரிப் சோதனையும் சீனியரிடம் பேரமும்.