ஆடு மேய்ந்த நிலத்தில் காடு வளர்த்தால் கார்பன் கிரெடிட் கிடைக்குமா?

கேள்வி: மதுராந்தகம் பக்கம் எங்களுக்குப் பூர்விகமாக 12 ஏக்கர் புன்செய் இருக்கிறது. பயிரிட்டுப் பல ஆண்டுகள் ஆகின்றன; ஊர் ஆடுகள் மேய்கின்றன. ஆஸ்திரேலியாவில் மேய்ச்சல் நிலத்தில் இயல்காட்டை வளரவிட்டே கார்பன் கிரெடிட்டில் சம்பாதிக்கிறார்கள் என்று அங்கிருக்கும் என் மைத்துனர் சொல்கிறார். நாங்களும் செய்யலாமா? பக்கத்து மேய்க்கால் புறம்போக்கையும் சேர்த்துக்கொள்ளலாமா? – வாசகர், தாம்பரம், சென்னை.

பதில்: கார்பன் கிரெடிட் என்பது, காற்றிலிருந்து கரியமில வாயுவை ஈர்த்துச் சேமித்ததற்குக் கிடைக்கும், விற்கக்கூடிய சான்று. மைத்துனர் சொல்வது உண்மைதான், ஆனால் பாதிக்கதை. குயின்ஸ்லாந்து, நியூ சவுத் வேல்ஸ் மாநிலங்களின் வறண்ட பகுதிகளில், முல்கா என்னும் வேல இன மரங்கள் தாமாகவே மீண்டும் தழைக்கும்படி மேய்ச்சலைக் குறைத்தவர்களுக்கு அங்குள்ள அரசுத் திட்டம் கிரெடிட் வழங்கியது. மரங்கள் 2 மீட்டர் உயரத்தை எட்டி, நிலப்பரப்பில் 20 விழுக்காட்டையாவது அவற்றின் கவிகை, அதாவது மேலே விரியும் இலைக்கூரை, மூடினால்தான் அங்கே அது காடு. அந்தக் காட்டை 25 ஆண்டுகளோ 100 ஆண்டுகளோ காக்க வேண்டும். 25 போதும் என்பவருக்குக் கிரெடிட்டில் 20 விழுக்காடு பிடித்தம். ஆடுமாடுகளைக் குறைத்ததால் வளர்ந்ததா, நல்ல மழையால் வளர்ந்ததா என்ற சண்டை 2022-இல் பெரிதாக வெடித்தது. இப்படிக் காட்டை மீளவிட்டுக் கிரெடிட் பெறும் வழிமுறை 2023-இல் காலாவதியாகி, புதிய திட்டங்களுக்குக் கதவு மூடப்பட்டது.

அதே கேள்விதான் உங்களிடமும் கேட்கப்படும். நீங்கள் எதுவும் செய்யாமலிருந்தாலும் வளர்ந்திருக்கக்கூடிய மரத்துக்குக் கிரெடிட் கிடையாது. ஒரு கிரெடிட் என்பது ஒரு டன் கரியமில வாயு. காய்ந்த மரத்தின் எடையில் ஏறத்தாழப் பாதி கார்பன்; கரியமில வாயுவிலோ அதனுடன் ஆக்சிஜனின் எடையும் சேரும் என்பதால், கணக்குப் பார்த்தால் ஒரு கிரெடிட்டுக்குச் சுமார் 550 கிலோ மரம் புதிதாக வளர்ந்திருக்க வேண்டும். அதை அளந்து, வெளித் தணிக்கையாளரிடம் சான்று பெறும் செலவோ நிலம் சிறியது என்பதற்காக அதே அளவுக்குக் குறைவதில்லை. ஆகவே 12 ஏக்கரை மட்டும் வைத்துக்கொண்டு இதில் இறங்குவது வீண். பல விவசாயிகளைச் சேர்த்து ஒரே திட்டமாகப் பதிவு செய்பவர்களிடம் போகலாம். அவர்களும் பேரனின் காலம் வரை நீளும் ஒப்பந்தத்தை நீட்டுவார்கள். தீப்பிடித்தால் இழப்பு யார் தலையில் என்ற பத்தியைப் படிக்காமல் கையெழுத்திடாதீர்கள்.

மேய்க்கால் புறம்போக்கை மறந்துவிடுங்கள். அது அரசு நிலம், ஊர் ஆடுமாடுகளுக்கென ஒதுக்கப்பட்டது. உங்கள் நிலத்திலிருந்து விரட்டிய ஆடுகள் அங்கே போய் அதைச் சுரண்டி மேய்ந்தால், அந்த இழப்பும் உங்கள் கணக்கிலேயே கழிக்கப்படும்.

பணத்தை விட்டுவிட்டால், காடு என்னவோ வரும். உங்கள் நிலத்தில் முழங்கால் உயரத்துக்கு மேல் எழாத வீரை, காரைப் புதர்கள் இருக்கின்றனவா என்று குனிந்து பாருங்கள். கிளை நுனியெல்லாம் ஆட்டுப் பல் பட்டு மழுங்கியிருக்கும், அடித்தூரோ மணிக்கட்டுப் பருமன் இருக்கும். அவை செடிகளல்ல, ஆடு வளரவிடாத மரங்கள். நம் கடலோரத்து உலர் பசுமைமாறாக் காட்டின் மிச்சம் அதுதான். ஐப்பசி மழைக்கு முன் ஓர் ஏக்கரை மட்டும் அடைத்து, சீமைக்கருவேலத்தை வேரோடு எடுத்துவிட்டு, இரண்டு மழைக்காலம் விட்டுப் பாருங்கள். மீதி 11 ஏக்கரில் ஆடுகள் மேயட்டும்.