அதே இடத்தில் ஏன் திரும்ப வருகிறது?

அன்புள்ள டாக்டர்,

தோல் மருத்துவ மேற்படிப்பின் கடைசி வருடத்தில் இருக்கிறேன். தோலின் நோய் எதிர்ப்பியலில் ஆராய்ச்சிக்குப் போகவேண்டும் என்று ரொம்ப நாளாக மனதில் ஓடிக்கொண்டிருக்கிறது. யாரிடம் சொன்னாலும் எதிர்ப்புதான். உடன் படிப்பவர்கள் லேசர் வாங்கிப் போட்டு கிளினிக் வைக்கச் சொல்கிறார்கள். அப்பா, இன்னும் எத்தனை வருடம் படிப்பாய் என்று கேட்கிறார். துறையில் மூத்தவர் ஒருவர், "இம்யுனாலஜியை முழுநேர விஞ்ஞானிகள் பார்த்துக்கொள்வார்கள், அவர்கள் கண்டுபிடிக்கும் மருந்தை நாம் எழுதிக்கொடுத்தால் போதும்" என்றார். அதுதான் உறுத்திக்கொண்டே இருக்கிறது. எனக்கு ஆய்வக அனுபவம் துளியும் இல்லை. தோல் மருத்துவர் ஒருவரால் ஆராய்ச்சியில் உண்மையிலேயே எதையாவது சேர்க்கமுடியுமா, இல்லை இரண்டு வேலையையும் அரைகுறையாகச் செய்வதில்தான் முடியுமா?

ர.

அன்புள்ள ர.,

உங்கள் மூத்தவர் சொன்னதை நான் ஏற்கவில்லை. அதனால் அதிலிருந்தே தொடங்குகிறேன்.

தோலில் செதில் செதிலாகத் தடித்த திட்டுகள் வருகிற சோரியாசிஸை எடுத்துக்கொள்ளுங்கள். 1970-களின் கடைசி வரை அது மேல்தோல் செல்கள் கட்டுமீறிப் பெருகுகிற கோளாறு என்றுதான் பெரும்பாலும் நம்பினார்கள். செல் பெருக்கத்தைத் தடுக்கும் மெத்தோட்ரெக்சேட்டுக்கு நோய் அடங்கியது, அதனால் அந்த விளக்கத்தைச் சந்தேகிக்க வேண்டிய அவசரமும் யாருக்கும் இருக்கவில்லை. 1979-ல் ம்யுல்லர், ஹெர்மான் என்ற இருவர், மூட்டு அழற்சிக்காக சைக்ளோஸ்போரின் கொடுத்த நோயாளிகளின் தோலில் சோரியாசிஸ் திட்டுகள் மறைவதைப் பார்த்து, அதை ஒரு மருத்துவ இதழுக்குச் சிறிய கடிதமாக எழுதினார்கள். சைக்ளோஸ்போரின், நோய் எதிர்ப்பு வேலை செய்யும் வெள்ளணு வகையான டி செல்களை அடக்கும் மருந்து. அப்படியானால் இந்த நோயை நடத்துவது டி செல்லா? அந்தக் கேள்விதான் வழியைத் திருப்பியது. அதற்குப் பிறகு வந்ததெல்லாம் உங்களுக்குத் தெரியும்: நோய் எதிர்ப்புச் செல்கள் தங்களுக்குள் செய்தி அனுப்பும் புரதங்களில் ஒன்றான இன்டர்லூக்கின் 12-ஐக் குறிவைத்துச் செய்த மருந்து, 2000-ல்தான் கண்டுபிடிக்கப்பட்ட இன்டர்லூக்கின் 23-ஐயும் சேர்த்தே தடுக்கிறது என்று புரிந்தது (இரண்டு மூலக்கூறுக்கும் ஒரு பாதி பொது), அது 2009-ல் உஸ்டெகினுமாப் என்ற பெயரில் நோயாளிகளிடம் வந்தது, 2015-ல் இன்டர்லூக்கின் 17-ஐத் தடுக்கும் செக்குகினுமாப் வந்தது. இத்தனைக்கும் தொடக்கம், மூட்டுக்கு மருந்து கொடுத்துவிட்டுத் தோலையும் கவனித்துப் பார்த்தது.

அதே செக்குகினுமாப்பைக் குடலில் அழற்சி உண்டாக்கும் குரோன் நோயில் கொடுத்துப் பார்த்தபோது பலன் இல்லை, சிலருக்கு நோய் கூடியது. ஒரே மூலக்கூறு ஓர் உறுப்பில் எரிக்கிறது, இன்னொன்றில் காவல் நிற்கிறது. நோய் எதிர்ப்பியலைப் பொதுவாகத் தெரிந்தவர்கள் இருந்தால் போதும் என்பது இந்த இடத்தில்தான் உடைகிறது. தோலைத் தெரிந்த ஒருவர் அந்த அறையில் இருக்கவேண்டும்.

இன்னொன்று, எனக்கு மிகவும் பிடித்தது. சோரியாசிஸ் நோயாளிகள் நம்மிடம் எப்போதும் கேட்பார்கள், "போன தடவையும் இதே முழங்கைதான் டாக்டர், ஏன் எப்பவும் அங்கேயே வருது?" என்று. நானும் பல வருடம், உடம்பின் தன்மை அப்படி என்று ஏதோ சொல்லிச் சமாளித்திருக்கிறேன். ஒரு மருந்தைச் சாப்பிடும்போதெல்லாம் அதே இடத்தில் திட்டு வரும் ஃபிக்ஸ்டு டிரக் எரப்ஷனில் இது இன்னும் பளிச்சென்று தெரியும். ஒரே மாத்திரை, ஒரே வட்டம், உதட்டிலோ கையிலோ அச்சு வைத்தாற்போல் அதே இடம். மேற்படிப்பின் முதல் மாதத்திலேயே நாம் எல்லோரும் பார்த்துவிடுகிறோம். ஜப்பானில் ஷியோஹாராவின் குழு அந்த ஆறிய வட்டத்தின் மேல்தோலுக்குள்ளேயே டி செல்கள் குடியிருப்பதைக் காட்டியது. 2006-ல் பாஸ்டனில் ரேச்சல் கிளார்க்கும் தாமஸ் கப்பரும் (இருவருமே தோல் மருத்துவர்கள்) ஆரோக்கியமான மனிதத் தோலில் சுமார் 2,000 கோடி டி செல்கள் இருக்கின்றன, ரத்தத்தில் ஓடுவதைப்போல் ஏறக்குறைய இரண்டு மடங்கு என்று எழுதினார்கள். யோசித்துப் பாருங்கள், ரத்தத்தை மட்டும் எடுத்துச் சோதித்துக்கொண்டிருந்த ஒரு துறைக்கு அது எவ்வளவு பெரிய செய்தி! அந்தச் செல்களோடு நோயின் நினைவும் அந்த முழங்கையிலேயே தங்கியிருக்கிறது. அந்த நோயாளி சரியான கேள்வியைத்தான் கேட்டிருக்கிறார், நமக்குத்தான் கேட்கத் தெரியவில்லை.

அந்தக் கேள்வி இன்னும் முடியவும் இல்லை. வெண்புள்ளிக்கு ருக்ஸோலிட்டினிப் க்ரீம் 2022-ல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. நிறம் திரும்புகிறது, நிறுத்தினால் பலருக்கு அதே இடத்தில் மறுபடி வெளுக்கிறது. தங்கியிருக்கும் அந்தச் செல்களை எப்படி வெளியேற்றுவது, வெளியேற்றினால் கிருமிகளிடமிருந்து அந்த இடத்தைக் காப்பது யார் என்பதெல்லாம் திறந்தே கிடக்கின்றன. எலியை வைத்து ஓரளவுதான் போகமுடியும். எலியின் மேல்தோல் மெல்லியது, முடி அடர்ந்தது, நம்மிடம் இல்லாத ஒரு வகை டி செல் கூட்டமே அதன் தோலில் இருக்கிறது. இமிகிமாட் என்ற க்ரீமைத் தடவி எலிக்கு வரவழைக்கும் அழற்சியைச் சோரியாசிஸ் என்று நம்பி நிறைய உழைப்பு வீணாகியிருக்கிறது என்பது என் எண்ணம். மனிதத் தோலைப் பார்ப்பவர்கள் தேவை. அடர் நிறத் தோலில் அழற்சி சிவப்பாகத் தெரியாது, ஊதாவாகவோ பழுப்பாகவோ சாம்பலாகவோ தெரியும், சிவப்பை வைத்து மதிப்பெண் போடும் அளவுகோல்கள் அங்கே நோயைக் குறைத்துக் காட்டும். இதைச் சரிசெய்ய அந்தத் தோலைத் தினமும் பார்க்கிற கண் வேண்டும்.

சரி, ஆய்வகம் தெரியாது என்ற பயம். பைப்பெட் பிடிப்பது, செல்களை வகை பிரித்து எண்ணும் ஃப்ளோ சைட்டோமெட்ரி, ஆர் என்ற கணினி மொழியில் கணக்குப் போடுவது எல்லாம் சில மாதங்களில் வந்துவிடும். ஒரு திட்டைப் பார்த்ததும் இது புதியது, இது ஆறிக்கொண்டிருப்பது என்று சொல்லும் கண்ணுக்கு வருடங்கள் ஆகும், அது ஏற்கெனவே உங்களிடம் இருக்கிறது. 1868-ல் பெர்லினில் பால் லாங்கர்ஹான்ஸ் தன் பெயர் தாங்கிய செல்லைத் தோலில் கண்டபோது அவர் 21 வயது மருத்துவ மாணவர். அதை நரம்புச் செல் என்று தவறாக நினைத்தார். பார்த்ததை ஒழுங்காக வரைந்து வைத்ததால் ஒரு நூற்றாண்டு கழித்து மற்றவர்கள் திருத்திக்கொள்ள முடிந்தது.

நான் அந்த ஒழுங்கில் தவறியிருக்கிறேன். ஆரம்பத்தில் அறுபதுக்கும் மேற்பட்ட பயாப்சிகளை, அதாவது சோதனைக்கு எடுத்த தோல் துண்டுகளை, சேர்த்து உறையவைத்தேன். எடுத்த இடம் எது, கடைசியாக ஸ்டீராய்டு களிம்பு எப்போது தடவினார்கள் என்று குறித்துவைக்கவில்லை. களிம்பு டி செல்களையே மாற்றிவிடும், ஆகவே எந்த முடிவையும் நம்பமுடியவில்லை. முழுக்க வீண். அத்தனை பேர் தோலைக் கொடுத்தார்கள், அது இன்றும் எனக்கு வலிக்கிறது.

அப்புறம் நேரம். அரைகுறை என்று நீங்கள் பயப்படுவது நேரம் இல்லாவிட்டால் நிஜமாகவே நடக்கும். என் முதல் வேலையில் வாரத்துக்கு இரண்டு நாள் ஆராய்ச்சிக்கு என்று வாயால் சொன்னார்கள். மூன்றே மாதத்தில் அந்த இரண்டு நாளும் வெளிநோயாளிகளைப் பார்க்கும் ஓபிக்குள் போய்விட்டன. எழுத்தில் வாங்குங்கள். எழுதித் தர மறுக்கிற இடத்துக்கு, அது எவ்வளவு பெரிய பெயராக இருந்தாலும், போகாதீர்கள். வழிகாட்டியைத் தேர்ந்தெடுக்கும்போது அவரிடம் முன்பு இருந்தவர்கள் இப்போது எங்கே இருக்கிறார்கள் என்று விசாரியுங்கள், முடிந்தால் அவர்களிடமே பேசுங்கள். இருவர் இருந்தால் நல்லது, ஒருவர் நோய் எதிர்ப்பியலாளர், ஒருவர் நோயாளிகளைப் பார்ப்பவர். உங்கள் ஓபியை முழுக்க விட்டுவிடாதீர்கள், வாரத்தில் ஒரு நாளாவது இருக்கட்டும்.

அப்பாவிடம் உள்ளதைச் சொல்லுங்கள். முனைவர் பட்டம் என்றால் மூன்று நான்கு வருடம், பிறகும் ஆராய்ச்சி நிதிநல்கைக்கு விண்ணப்பம் எழுதி நிராகரிக்கப்படுவது வழக்கமாக இருக்கும், வருமானம் உங்கள் நண்பர்களைவிடப் பல வருடங்களுக்குக் குறைவாகவே இருக்கும். அதை மறைத்து அவருடைய சம்மதத்தை வாங்காதீர்கள்.

இந்த மாதம் ஓபியில் உங்களால் பதில் சொல்லமுடியாமல் போன கேள்விகளை, நோயாளி சொன்ன அதே வார்த்தைகளில், ஒரு நோட்டில் எழுதிவாருங்கள். மூன்று தேறினால் எனக்கு அனுப்புங்கள். அவற்றில் எதை ஆய்வாக மாற்றலாம் என்று சேர்ந்து பார்ப்போம்.