காட்டு மண் விடும் மூச்சும் தோப்பில் கரையும் தொழு உரமும்

கேள்வி: ஆனைமலை அடிவாரத்தில் செம்மண் நிலத்தில் தென்னந்தோப்பு வைத்திருக்கிறேன். கடும் வெயில் ஆண்டுகளில் காடுகளே கரியமில வாயுவை மிகுதியாக வெளிவிடுகின்றன என்று படித்தேன். மரங்கள் அதை உள்ளிழுப்பவை அல்லவா? ஆண்டுதோறும் தொழு உரம் இட்டும் மண் பரிசோதனையில் கரிமச்சத்து குறைவென்றே வருகிறது. இரண்டுக்கும் தொடர்பு உண்டா?

பதில்: நெருங்கிய தொடர்பு உண்டு. மரங்கள் பகலில் கரியமில வாயுவை எடுத்துக்கொள்வது உண்மையே. ஆனால் அதே காட்டில் வேர்களும், சருகையும் மட்கையும் (மண்ணில் மட்கிய கரிமப் பொருள்; பரிசோதனை காட்டும் கரிமச்சத்து இதிலுள்ளதே) தின்று வாழும் நுண்ணுயிர்களும் இரவு பகலாக அதை வெளிவிட்டுக்கொண்டிருக்கின்றன. வரவுக்கும் செலவுக்கும் உள்ள வித்தியாசமே காட்டின் கணக்கு.

அந்தச் செலவை முடிவு செய்பவை வெப்பமும் ஈரமும்தான். பனாமாவின் பார்ரோ கொலராடோ தீவுக் காட்டில் மண்ணை 4 டிகிரி செல்சியஸ் கூடுதலாகச் சூடாக்கி இரண்டு ஆண்டுகள் அளந்ததில், மண்ணிலிருந்து வெளியேறிய கரியமில வாயு 55 சதவீதம் கூடியதாக 2020-இல் முடிவு வெளியானது. கூடியதில் பெரும்பங்கு வேர்களுடையதன்று, நுண்ணுயிர்களுடையது. ஈரத்தின் போக்கு வேறு. மண் வறண்டால் நுண்ணுயிர்கள் முடங்கும், நீர் தேங்கினால் காற்றின்றித் திணறும். நடுத்தர ஈரத்தில்தான் மட்கு விரைவாகக் கரையும், அதாவது சிதைந்து வாயுவாக வெளியேறும்.

இவற்றைவிட நீங்கள் முக்கியமாகக் கவனிக்க வேண்டியது, காய்ந்த மண் திடீரென நனைவது. வறட்சியில் மடிந்த நுண்ணுயிர்களின் உடலும், மண்கட்டிகள் உடையும்போது வெளிப்படும் மட்கும் ஒரே சமயத்தில் இரையாவதால், சில நாட்களுக்கு வாயு வெளியேற்றம் பன்மடங்கு எகிறும். கென்யாவில் பணியாற்றிய பிர்ச் என்ற ஆய்வாளர் 1958-இல் இதை விரிவாக எழுதினார். பங்குனி வரை காய்ந்து சித்திரைக் கோடை மழையில் நனையும் நம் கொங்கு நிலத்திலும் நிகழ்வது இதுவே.

ஆயினும் எல்லாக் காடும் ஒரே காரணத்தால் இழப்பதில்லை. பசிபிக் பெருங்கடல் வழக்கத்தைவிடச் சூடேறும் எல் நினோ நிகழ்ந்த 2015-16-இல் அமேசானில் வறட்சியால் மரங்களின் வரவு குறைந்தது. ஆப்பிரிக்காவில் வெப்பத்தால் மட்கு கரைவது கூடியது. இந்தோனேசியாவில் தீ எரித்தது. செயற்கைக்கோள் அளவீடுகள் இம்மூன்றையும் பிரித்துக் காட்டின.

காடு இழப்பதைச் சருகு உதிர்த்து ஈடுசெய்கிறது. உங்கள் தோப்பிலோ மட்டையும் பாளையும் வெளியேறுகின்றன, வெயில் நேராக மண்ணில் விழுகிறது, களி குறைந்த செம்மண் மட்கைப் பிடித்து வைப்பதும் குறைவு. ஆகவே மரத்துக்கு 50 கிலோ தொழு உரம் இடுவதோடு நில்லாமல், மாசி முடிவதற்குள் மரத்தைச் சுற்றிய வட்டப்பாத்தியை மட்டைகளால் மூடி மண் சூட்டைத் தணியுங்கள். அவற்றை ஒருபோதும் எரிக்காதீர்கள். முதல் கோடை மழை விழுந்தவுடன் ரோட்டாவேட்டர் ஓட்டுவதை நான் உறுதியாக வேண்டாம் என்பேன், ஏனெனில் நனைந்த மண்ணைக் கிளறிக் காற்றூட்டுவது கரைதலை மேலும் விரைவாக்கும். அந்த ஈரத்தில் பசுந்தாள் உரப் பயிர்களான சணப்பையோ தக்கைப்பூண்டோ விதைத்து, பூக்கும் தருணத்தில் அறுத்து அங்கேயே மூடாக்காகப் பரப்புங்கள்.