மன்னிக்கும் உரிமை: ஒரு கடிதம்

மதிப்பிற்குரிய ஐயா,

நான் மெல்பர்னில் க்ளேட்டன் பக்கம் குடியிருக்கிறேன். உங்கள் தளத்தை நெடுநாளாகப் படிக்கிறேன், எழுதுவது இதுதான் முதல்முறை. விருந்தில் நச்சுக் காளான் பரிமாறி மூன்று பேரைக் கொன்ற எரின் பாட்டர்சன் வழக்கில் தண்டனை அறிவித்த பிறகும் இங்கே அந்தப் பேச்சு ஓயவில்லை. அலுவலகத்தில் யாராவது மதியச் சாப்பாட்டில் காளான் கொண்டுவந்தால் போதும், மேசையே சிரிக்கிறது. எங்கள் தமிழ்ப் பெண்கள் வாட்ஸ்அப் குழுவில் இரண்டு கட்சி. 'இவளை ஜெயிலில் வைத்துச் சோறு போடுவதே தண்டம், தூக்கில் போடணும்' என்கிறது ஒன்று. 'மாமனார் மாமியார் என்ன பாடு படுத்தினார்களோ, யார் கண்டது' என்கிறது இன்னொன்று. 'முழியைப் பார்த்தாலே தெரியலையா' என்று ஒரு தோழி எழுதியபோது பலரும் ஆமோதித்தார்கள். என் பதினான்கு வயது மகன்கூட ஒரு மீமைக் காட்டிச் சிரித்தான்.

விசாரணை நடந்த நாட்களில் ரயிலில் போகும்போதெல்லாம் அந்த வழக்கைப் பற்றிய பாட்காஸ்ட்களைக் கேட்டேன். சிறை வண்டிக்குள் அவர் அழுத முகத்தோடு இருக்கும் படம் வெளியானபோது எனக்குப் பாவமாக இருந்தது. குழுவில் சொன்னேன். 'செத்த மூணு பேர் மேல உனக்குப் பாவம் வரலையா' என்று கேட்டார்கள். அதன் பிறகு நான் வாயைத் திறக்கவில்லை. நான் பாவப்பட்டது தவறா? இப்படி ஒரு வழக்கை விடாமல் தொடர்வதே தவறா? மகனிடம் என்ன சொல்வது?

ஆர்.,
மெல்பர்ன்

*

அன்புள்ள ஆர்.,

வழக்கை அறியாத வாசகர்களுக்காக முதலில் சுருக்கம். 2023 ஜூலை 29, சனிக்கிழமை. ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தில் லியோங்காதா என்ற சிற்றூர். எரின் பாட்டர்சன் தன்னைப் பிரிந்து வாழும் கணவரின் பெற்றோர் டான், கெயில் இருவரையும், கெயிலின் தங்கை ஹெதரையும், ஹெதரின் கணவர் இயன் வில்கின்சனையும் மதிய விருந்துக்கு அழைத்தார். கணவரையும் அழைத்திருந்தார். அவர் முந்தின நாளே வரவில்லை என்று சொல்லிவிட்டார். இறைச்சியைக் காளான் விழுதோடு மாவில் பொதிந்து சுடும் பீஃப் வெல்லிங்டனை ஆளுக்கு ஒன்றாகத் தனித்தனியே செய்து பரிமாறினார். அதில் டெத் கேப் என்னும் நச்சுக் காளான் இருந்தது. கெயிலும் ஹெதரும் ஆகஸ்ட் 4 அன்று இறந்தார்கள், மறுநாள் டான். இயன் பல வாரங்கள் மருத்துவமனையில் கிடந்து பிழைத்தார். 2025 ஜூலை 7 அன்று மோர்வெல் நகரில் ஜூரிகள் எரினை மூன்று கொலைகளுக்கும் ஒரு கொலை முயற்சிக்கும் குற்றவாளி என்றார்கள். செப்டம்பர் 8 அன்று நீதிபதி கிறிஸ்டோபர் பீல் ஆயுள் தண்டனை விதித்தார். 33 ஆண்டுகள் கழியும்வரை பரோல் கேட்க முடியாது.

அந்த நஞ்சு எப்படி வேலை செய்கிறது என்பதைச் சொல்ல வேண்டும், ஏனென்றால் உங்கள் அலுவலகச் சிரிப்பில் அது அறவே இல்லை. டெத் கேப்பின் நஞ்சு வேகவைத்தாலும் உலர்த்தினாலும் அழியாது. தின்றவுடன் ஒன்றும் தெரியாது. பல மணி நேரம், சில வேளை ஒரு நாள்கூடக் கழித்துத்தான் வாந்தியும் வயிற்றுப்போக்கும் தொடங்கும். பிறகு கொஞ்சம் தேறியதுபோல இருக்கும். அந்தத் தேறல் பொய். அதற்குள் ஈரலின் செல்கள் புரதம் செய்யும் திறனை இழந்து செத்துக்கொண்டிருக்கும். டானுக்கு மாற்று ஈரல் பொருத்தினார்கள். அதுவும் அவரைக் காப்பாற்றவில்லை. எழுபது வயதை ஒட்டிய மனிதர்கள், உறவுக்காரி வீட்டில் அன்போடு போட்ட சோறு என்று நம்பிச் சாப்பிட்டுவிட்டு, ஒரு வாரம் அணு அணுவாகச் செத்திருக்கிறார்கள்.

துப்பாக்கியால் மூன்று பேரைச் சுட்டிருந்தால் யாரும் சிரித்திருக்க மாட்டார்கள். காளானும் மாவும் அடுப்பும் எல்லோர் வீட்டிலும் இருக்கும் பொருள்கள், அதனால் பேச்சு எளிதாகக் கேலிக்கு இறங்கிவிடுகிறது. அது எங்கிருந்து வருகிறது என்று எனக்குப் புரிகிறது. ஆனாலும் அந்தக் கேலி எனக்கு ஒப்பவில்லை. எரினுக்கு இரண்டு பிள்ளைகள். தாத்தாவும் பாட்டியும் போனார்கள், தாய் சிறையில். அவர்கள் பள்ளிக்கூடம் போகும் அதே நாட்டில்தான் அந்த மீம்கள் சுற்றுகின்றன.

உங்கள் குழுவின் 'மாமியார்' கட்சிக்கு வருகிறேன். தமிழ்க் குடும்பத்தில் வளர்ந்த யாருக்கும் மாமியார் மருமகள் என்றதும் ஒரு கதை தயாராக இருக்கும். அந்தக் கதையை எடுத்து இந்த வழக்கின் மேல் போர்த்துகிறார்கள். நீதிமன்றத்தில் வந்தது வேறு. 2022 கடைசியில் பிள்ளைகளின் பராமரிப்புச் செலவை ஒட்டிக் கணவரோடு சச்சரவு இருந்தது, அவர் குடும்பத்தைப் பற்றி எரின் இணையத் தோழிகளிடம் கசப்பாக எழுதியிருந்தார். அதுவரைதான். மாமனார்மேல் எரினுக்குப் பிரியம் இருந்தது என்று பிரிந்த கணவரே சாட்சிக் கூண்டில் சொன்னார். கொடுமை என்ற பேச்சே அங்கே எழவில்லை. அரசுத் தரப்பு நோக்கம் இன்னதென்று நிறுவ முயலவும் இல்லை. கொலையை நிரூபிக்க நோக்கத்தை நிரூபிக்கத் தேவையில்லை என்பது சட்டம். ஏறத்தாழ பத்து வாரம் வழக்கைக் கேட்ட நீதிபதி, இதை ஏன் செய்தாய் என்பது உனக்கு மட்டுமே தெரியும், நான் ஊகிக்கப் போவதில்லை என்று தண்டனை வாசிக்கும்போது சொன்னார். அந்த வெற்றிடத்தை அவர் வெற்றிடமாகவே விட்டார். நம்மால் அது முடிவதில்லை. பாதிக்கப்பட்டவர்களே ஏதோ செய்திருப்பார்கள் என்று சொல்வது, செத்தவர்கள் திரும்பி வந்து மறுக்க முடியாத ஒரு பழியை அவர்கள்மேல் போடுவது. இதைத்தான் நான் எல்லாவற்றையும்விடக் கடுமையாக எதிர்க்கிறேன். தூக்கில் போடச் சொல்பவர்களிடம்கூட எனக்கு இவ்வளவு கோபமில்லை.

'முழியைப் பார்த்தாலே தெரியலையா' என்ற தோழிக்கு உங்கள் நாட்டிலேயே பதில் இருக்கிறது. 1980 ஆகஸ்டில் உளுரு என்னும் பெரும்பாறை அருகே முகாமிட்டிருந்த லிண்டி சேம்பர்லெய்னின் பச்சைக் குழந்தையை டிங்கோ என்னும் காட்டுநாய் தூக்கிப் போனது. தாய் அப்படித்தான் சொன்னார். ஆனால் தொலைக்காட்சியில் அவர் அழவில்லை, குழந்தையைப் பறிகொடுத்தவள் இப்படியா பேசுவாள் என்று நாடே பேசியது. 1982-இல் கொலைக் குற்றவாளி என்று ஆயுள் தண்டனை. காரில் குழந்தையின் ரத்தம் என்று காட்டியது உண்மையில் வண்டியின் ஒலி தடுக்கும் பூச்சு. 1986-இல் குழந்தையின் மேல்சட்டை பாறையடியில் கிடைத்தபின் விடுவித்தார்கள். 1988-இல் தீர்ப்பு ரத்தானது. குழந்தையைக் கொன்றது டிங்கோதான் என்று மரண விசாரணை அதிகாரி பதிவு செய்தது 2012-இல்.

அது பழைய காலம் என்று சொல்ல முடியாது. தன் நான்கு குழந்தைகளைக் கொன்றதாக 2003-இல் தண்டனை பெற்ற கேத்லீன் ஃபோல்பிக், இருபது ஆண்டுகள் சிறையில் கழித்தபின் 2023 ஜூனில் மன்னிப்புப் பெற்று வெளியே வந்தார். அவருடைய இரண்டு பெண் குழந்தைகளுக்கு இதயத் துடிப்பைப் பாதிக்கும் மரபணு மாற்றம் இருந்ததை விஞ்ஞானிகள் கண்டுபிடித்திருந்தார்கள். லியோங்காதா விருந்துக்கு ஏறத்தாழ எட்டு வாரம் முன்புதான் இது. அந்த ஆண்டு டிசம்பரில் அவருடைய தண்டனைத் தீர்ப்பும் ரத்தானது. அவரை முதலில் சிக்கவைத்தது அவருடைய நாட்குறிப்பு, ஒரு தாய் தன்னையே நொந்து எழுதிய வரிகள். தூக்குமரம் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று உங்கள் தோழிகளைக் கேளுங்கள். விக்டோரியாவில் கடைசித் தூக்கு 1967-இல், ரொனால்ட் ரையனுக்கு. 1975-இல் மரண தண்டனையையே ஒழித்துவிட்டார்கள்.

எரின் நிரபராதியாக இருக்கலாம் என்று நான் சொல்ல வரவில்லை. இந்த வழக்கில் ஜூரிகள் முழியைப் பார்த்துத் தீர்ப்புச் சொல்லவில்லை. விருந்து முடிந்த நான்காம் நாள் எரின் காளான் உலர்த்தும் இயந்திரத்தைக் கூன்வாராவில் உள்ள குப்பைக் கிடங்கில் போட்டார். அதில் அவர் கைரேகையும் டெத் கேப் நஞ்சின் தடயமும் இருந்தன. அப்படி ஒரு இயந்திரமே தன்னிடம் இல்லை என்று போலீசிடம் சொன்னார், காளான் பொறுக்கியதே இல்லை என்றார். இரண்டும் பொய் என்று பிறகு அவரே கூண்டில் ஒப்புக்கொண்டார். கைப்பேசியில் இருந்ததை அழித்தார். இல்லாத புற்றுநோயைக் காட்டி விருந்தாளிகளைக் கலங்க வைத்தார். விருந்தாளிகள் நால்வருக்கும் சாம்பல் நிறத் தட்டு, எரினுக்கு மட்டும் வேறு நிறத்தில் சிறிய தட்டு என்று பிழைத்த இயன் சாட்சி சொன்னார். எட்டு நாள் எரின் தன் பக்கத்தைச் சொன்னார், நடந்தது விபத்து என்றார். ஜூரிகள் பன்னிரண்டு பேர் ஹோட்டலில் வெளியுலகத் தொடர்பின்றி ஒரு வாரம் ஆலோசித்து அதை ஏற்கவில்லை. முகத்தை நம்பிய உங்கள் தோழியின் முடிவும் ஜூரியின் முடிவும் இம்முறை ஒத்துப்போயின. லிண்டியின் வழக்கிலும் கூட்டத்தின் முடிவும் ஜூரியின் முடிவும் ஒத்துத்தான் போயின. சிறை வண்டிப் படத்தைப் பார்த்து 'இந்த அழுகை பொய்யாக இருக்காது, இவர் செய்திருக்க மாட்டார்' என்று வாதிடுகிறவர்களும் அதே முகத்தைத்தான் நம்புகிறார்கள்.

நீங்கள் க்ளேட்டனில் இருப்பதால் இன்னொன்றும் சொல்லத் தோன்றுகிறது. காளானில் ஒரு பங்கு ஏதோ ஓர் ஆசியக் கடையில் வாங்கிய உலர் காளான் என்று எரின் சொன்னார். எந்தக் கடை என்று நினைவில்லை என்றார். க்ளேட்டன், ஓக்லி, மவுண்ட் வேவர்லி, க்ளென் வேவர்லி என்று ஊர்ப் பெயர்கள் அடிபட்டன. சுகாதாரத் துறையினர் அந்தப் பக்கக் கடைகளில் தேடினார்கள். எதுவும் அகப்படவில்லை. நாமெல்லாம் உளுந்தும் புளியும் வாங்கும் கடைகளின் வரிசை அது. பெயரில்லாத ஓர் ஆசியக் கடைக்காரர்மேல் பழியைப் போட்டால் எடுபடும் என்ற எண்ணம் இருந்ததே, அது உங்கள் குழுவில் பேசப்பட்டதா என்று எனக்குத் தெரியவில்லை. பேசியிருக்க வேண்டும்.

இப்போது உங்கள் இரக்கம். தவறில்லை, ஆர். சிறை வண்டியில் அழும் ஒருத்தியைப் பார்த்து மனம் இளகுவதற்கு யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை. நஞ்சை அளந்த கையும் அழும் கண்ணும் ஒரே ஆளுடையவைதான். அவரை வெறும் பேய் என்று ஒதுக்கிவிட்டால் அவர் செய்தது பேயின் வேலையாகிவிடும், மனிதரின் பொறுப்பு போய்விடும். அவருடைய பெயர் ஊரெல்லாம் பரவிவிட்டதால் பாதுகாப்புக்காகத் தனி அறையில், நாளில் பெரும்பகுதி அடைத்து வைத்திருந்தார்கள். இனியும் ஆண்டுக்கணக்கில் அப்படித்தான் இருக்கக்கூடும் என்பதைத் தண்டனையில் நீதிபதியே கணக்கில் எடுத்தார். மீம்கள் தருகிற புகழுக்கும் அந்த அறைக்கும் தொடர்பு உண்டு.

ஆனால் இரக்கத்தின் எல்லை எது என்பதை என்னைவிட இயன் வில்கின்சன் தெளிவாகச் சொல்லிவிட்டார். கொரம்பராவில் பாப்டிஸ்ட் சபையின் போதகர் அவர். மனைவி ஹெதரையும், நெருங்கிய நண்பர்களான டானையும் கெயிலையும் ஒரே விருந்தில் இழந்தவர். 2025 ஆகஸ்டில் நீதிமன்றத்தில் நின்று, மனைவி இல்லாமல் பாதி உயிரோடுதான் இருப்பதாகச் சொன்னார். எரின் தனக்குச் செய்த கேட்டை மன்னிப்பதாகச் சொன்னார். மற்ற மூவருக்கும் செய்ததை மன்னிக்கும் உரிமை தனக்கு இல்லை, அவர்களுக்கு நீதி கேட்பது தன் கடமை என்றார். எரின் உண்மையை ஒப்புக்கொண்டு மனம் திருந்த வேண்டும் என்று கேட்டுக்கொண்டார். தீமை செய்பவர்கள்மேல் இந்தச் சமூகம் இவ்வளவு கவனத்தைக் கொட்டுகிறதே, நல்லது செய்பவர்கள்மேல் இவ்வளவு குறைவாக வைக்கிறதே என்று வருந்தினார்.

பாதிக்கப்பட்டவரே தன் பங்கை மட்டும் எடுத்து மன்னித்தார், அடுத்தவர் பங்கைத் தொடவில்லை. நமக்கு அதில் பங்கே கிடையாது. 'பாவம், விட்டுவிடலாம்' என்று சொல்லவும் நமக்கு உரிமையில்லை, 'தூக்கில் போடு' என்று கத்தவும் இல்லை. உங்கள் இரக்கம் எரினின் கண்ணீரோடு நின்றதா, அல்லது தீர்ப்பையே சந்தேகிக்க வைத்ததா என்று உங்களையே கேட்டுக்கொள்ளுங்கள். கடிதத்தைப் பார்த்தால் முதலாவதுதான். அப்படியானால் குழுவில் தலைகுனிய ஒன்றுமில்லை. மூன்று பேர்மேல் வரும் இரக்கம் நாலாவது ஆள்மேல் வந்ததால் குறைந்துபோவதில்லை என்று பதில் எழுதுங்கள்.

வழக்கைத் தொடர்வதும் தவறில்லை. நீதிமன்றக் கதவு திறந்திருப்பதே மக்கள் பார்க்கத்தான். மோர்வெலில் குளிர்காலை இருட்டில் இருக்கைக்காக வரிசையில் நின்றவர்களில் பலர் நீதி எப்படி நடக்கிறது என்று பார்க்க வந்திருப்பார்கள். தொடர்ந்து கேட்டவருக்கு ஒரு கடன் இருக்கிறது, அவ்வளவுதான்: அரைகுறையாகக் கேட்டவர் தப்பாகச் சொல்லும்போது, நடந்ததைச் சொல்லித் திருத்துவது.

மகனைத் திட்டாதீர்கள். நீதிபதி தண்டனை வாசித்தது நேரலையாக ஒளிபரப்பானது, தீர்ப்புரை எழுத்திலும் கிடைக்கிறது. ஒரு மாலை இருவரும் சேர்ந்து படியுங்கள். பாதிக்கப்பட்ட குடும்பத்தினர் சொன்னவற்றை நீதிபதி எடுத்துச் சொல்லும் பகுதியிலிருந்து தொடங்குங்கள், சமையலும் காளானும் பிறகு வரட்டும். பதினான்கு வயதுப் பையனுக்குப் புரியாத மொழி இல்லை அது. படித்தபின் அவன் என்ன சொன்னான் என்று முடிந்தால் எனக்கு எழுதுங்கள்.

அன்புடன்.