சிவில் சமூக அமைப்புகளால் ஏழைகளுக்கு உண்மையில் என்ன கிடைத்தது?

ராஜஸ்தானைப் பாருங்கள். 1990இல் உருவான மஸ்தூர் கிசான் சக்தி சங்கதன் என்ற தொழிலாளர்-விவசாயிகள் அமைப்பு, அரசு வேலைகளில் குறைந்தபட்சக் கூலி கேட்டுப் போராடியது. செய்த வேலை குறைவு என்று அதிகாரிகள் கணக்கு காட்டினார்கள். அந்தக் கணக்கைக் கேட்டால் ரகசியம் என்றார்கள். எனவே 1994 முதல் ‘ஜன் சுன்வாய்’ என்ற மக்கள் விசாரணைகளில், கிடைத்த மஸ்டர் ரோலை (யார், எத்தனை நாள் வேலை செய்தார், எவ்வளவு கூலி என்ற பதிவேட்டை) ஊரார் முன்னால் உரக்கப் படித்தார்கள். வேலைக்கே வராதவர்கள் பெயரில் கூலி, கட்டாத கட்டடத்துக்கு பில் என எல்லாம் வெளிவந்தன. எழுதப் படிக்கத் தெரியாதவர்களும் அரசுக் கணக்கைச் சரிபார்க்க முடிந்தது. என் பார்வையில் இதுதான் பெரிய மாற்றம். இந்தக் கணக்குகளைப் பார்க்கும் உரிமை கேட்டு 1996இல் ராஜஸ்தானின் பியாவர் நகரில் 40 நாள் தர்ணா, 2000இல் மாநிலத்தின் தகவல் உரிமைச் சட்டம், 2005இல் நாடு முழுவதற்குமான தகவல் அறியும் உரிமைச் சட்டம்.

உங்கள் ஊரிலும் செய்யலாம். இந்தச் சட்டத்தின் கீழ் மனுப் போட்டு, ஒரு வேலைக்கான மஸ்டர் ரோல், அளவுப் புத்தகம் (முடிந்த வேலையின் அளவைப் பதிவது), பில் மூன்றின் நகலையும் சேர்த்தே கேளுங்கள். ஒன்று மட்டும் இருந்தால் ஒப்பிட முடியாது. “ஏன் செய்யவில்லை?” என்று கேட்கும் மனுக்கள்தான் பெரும்பாலும் தள்ளுபடியாகும், ஆவணத்தைக் கேளுங்கள். 30 நாளில் பதில் வராவிட்டால் அடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு. தனியாளாக மனுப் போட்டால் மிரட்டல் வரலாம்; பலர் பெயரில் தனித்தனியாகப் போடுங்கள்.