தூண்டில் ரீல் பராமரிப்பு: தெலுக் இந்தான் வட்டார வாசகர்களின் கேள்விகள்

கேள்வி: ஊத்தான் மெலிந்தாங் பக்கத்துத் தோட்டத்தில் இருக்கிறோம். வார இறுதியில் ஊடாங் காலா (பெரிய நன்னீர் இறால்) பிடிக்க பெர்ணம் ஆற்றுக்குப் போவோம். ஆற்றுத் தண்ணீர்தானே, ரீலைக் கழுவ வேண்டுமா?

பதில்: கட்டாயம் கழுவுங்கள், அதுவும் அன்றைக்கே. உங்கள் பக்கத்தில் கடல் ஏற்றத்தோடு ஆறும் ஏறி இறங்குகிறது. உப்பும் கூடவே வரும். ஊடாங் காலா குஞ்சுகள் வளர உவர்நீர் வேண்டும், அதனால்தான் அது முகத்துவாரம் நோக்கி இறங்குகிறது. தேநீர் நிறத்தில் ஓடுவதால் நல்ல தண்ணீர் என்று நினைத்துவிடாதீர்கள்.

வீடு வந்ததும் முதலில் டிராக் குமிழை, அதாவது மீன் இழுக்கும்போது நூல் எவ்வளவு இறுக்கமாக வெளியே போகும் என்பதை அமைக்கும் திருகை, இறுகத் திருகுங்கள். அப்போதுதான் நூல் சுற்றியிருக்கும் ஸ்பூலுக்குள் இருக்கும் டிராக் வாஷர்களுக்குத் தண்ணீர் இறங்காது. பிறகு குழாயை மெல்லத் திறந்து, தூறல் அளவுக்கு மேலே ஓடவிட்டால் போதும். வாளியில் முக்க வேண்டாம். மோட்டார் சைக்கிள் கழுவும் பிரஷர் பம்ப்பைப் பிடித்தால் உப்பும் மணலும் பேரிங்குக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும்.

துடைத்த பின் ஸ்பூலைக் கழற்றி நிழலில் தனியாகக் காயவிடுங்கள். பின்னல் நூல் தண்ணீரை உள்ளே பிடித்து வைக்கும். நம் ஊர்ப் புழுக்கத்தில் அது சீக்கிரம் காயாது. எல்லாம் உலர்ந்ததும் டிராக்கைத் தளர்த்திவிட்டு மாட்டுங்கள். இதைத்தான் பலரும் மறக்கிறார்கள். இறுக்கியே வைத்தால் வாஷர்கள் நசுங்கி ஒட்டிக்கொள்ளும். அடுத்த முறை ஒரு நல்ல சியாக்காப் (கொடுவா மீன்) இழுக்கும்போது நூல் சீராகப் போகாது, திக்கித் திக்கிப் போய் அறுந்துவிடும்.

கேள்வி: மாதம் ஒருமுறை ரீல் முழுக்க டபிள்யூடி-40 அடிக்கிறேன். சரிதானே?

பதில்: வேண்டாம். அது 1953-ல் அமெரிக்காவில் ஈரத்தை விரட்டித் துருவைத் தடுக்க உருவான திரவம். உள்ளே அடித்தால் பல்சக்கரத்தில் இருக்கும் கிரீஸைக் கரைத்துவிடும். சக்கரம் கிரீஸ் இல்லாமல் சுற்றித் தேயும். பல்சக்கரத்துக்கு ரீல் கிரீஸ், பேரிங்குக்கும் ஹேண்டில் குமிழுக்கும் ஒரு சொட்டு ரீல் எண்ணெய். அவ்வளவுதான்.

கேள்வி: வீட்டு எண்ணெய் எதையாவது போடலாமா?

பதில்: சமையல் எண்ணெய் கூடாது, பிசுபிசுத்துத் தூசியைச் சேர்க்கும். அவசரத்துக்குத் தையல் மெஷின் எண்ணெய் ஒரு சொட்டு விடலாம்.

கேள்வி: நானே பிரித்து கிரீஸ் போட்டேன். இப்போது ஹேண்டில் பின்பக்கமாகவும் சுற்றுகிறது. ரீல் போச்சா?

பதில்: போகவில்லை, பயப்படாதீர்கள். முதலில் பின்சுற்று சுவிட்ச் இருந்தால் அது சரியான பக்கம் இருக்கிறதா என்று பாருங்கள். சரியாக இருந்தால், ஒருவழி பேரிங்கில் கிரீஸ் ஏறியிருக்கும். அதற்குள் சின்னச் சின்ன உருளைகள் அச்சைக் கவ்விப் பிடித்துத்தான் பின்சுற்றைத் தடுக்கின்றன. கிரீஸ் பட்டால் வழுக்கும். அந்தப் பேரிங்கைப் பிரிக்காமல் முழுசாக எடுத்து, மருந்துக் கடையில் கிடைக்கும் ஐசோபுரொபைல் ஆல்கஹாலில் அலசி, நன்றாகக் காயவைத்து, மெல்லிய எண்ணெயை லேசாகத் தடவி மாட்டுங்கள். பெட்ரோலும் தின்னரும் பிளாஸ்டிக்கைக் கெடுக்கும், தொடாதீர்கள்.

இனிப் பிரிக்கும்போது ஒவ்வொரு படிக்கும் கைப்பேசியில் படம் எடுங்கள். கழற்றிய துண்டுகளை முட்டைத் தட்டில் வரிசையாக வையுங்கள். காகிதம் மாதிரி இருக்கும் மெல்லிய வாஷர் ஒன்று இடம் மாறினாலும் பல்சக்கரம் கரகரக்கும்.

கேள்வி: சுற்றும்போது கீச்சென்று சத்தம் வருகிறது. முழுசாகத் திறக்க வேண்டுமா?

பதில்: அவசரப்படாதீர்கள். நூலை ஸ்பூலில் சுற்றிவிடும் வளைந்த பெயில் கம்பியின் முனையில், நூல் உரசிப் போகும் லைன் ரோலரை விரலால் சுற்றிப் பாருங்கள். ரீலில் அதிகம் நனைவது அதுதான். பெரும்பாலும் அதுதான் முதலில் கெடும். தடைபட்டால் ஒரு திருகைக் கழற்றி, துடைத்து, ஒரு சொட்டு எண்ணெய் விடுங்கள். துருப்பிடித்திருந்தால் அந்தச் சின்ன பேரிங்கை மட்டும் மாற்றினால் போதும். பழையதைக் கையோடு கடைக்கு எடுத்துப் போய் அதே அளவில் கேளுங்கள்.